தூர் கட்டும் நாட்கள்

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டுப் பக்கம் எந்த மருந்துக்கடை வாசலில் நின்றாலும் ஒருநாள் இல்லை ஒருநாள் இந்தப் பேச்சு காதில் விழும்: “புள்ளைக்கு ரத்தம் கம்மின்னு சொல்லி ஸ்டீராய்டு எழுதியிருக்காவ. அது ரத்தம் ஊற வைக்கும்லா?”

பாதி சரி. மீதிப் பாதியில்தான் விஷயமே இருக்கிறது. குளுக்கோகார்ட்டிகாய்டு வகை ஸ்டீராய்டு, அதாவது நம் உடம்பே சுரக்கும் கார்ட்டிசோலும் மருந்தாக வரும் ப்ரெட்னிசலோன், டெக்ஸாமெத்தசோனும், சிவப்பணுவைச் செய்வதில்லை. சிவப்பணுவாக மாறப்போகிற செல்லை மாறவிடாமல் கொஞ்ச நாள் பிடித்து வைக்கின்றன. பிடித்து வைத்த நாளில் அந்தச் செல் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிறது. பிறகு விட்டால் எல்லாம் சேர்ந்து முதிர்கின்றன.

தாமிரபரணித் தண்ணீரில் பிசான நெல் போடுகிறவர்களுக்கு இதைப் புரியவைக்க ரொம்பப் பாடுபட வேண்டாம். முற்றின நாற்றை நட்டால் சரியாகத் தூர் கட்டாமலே, அதாவது அடியிலிருந்து பக்கக் கிளை வெடிக்காமலே, கதிர் வாங்கிவிடும். பயிர் பச்சையாகத்தான் இருக்கும், கண்டுமுதல் பார்க்கும்போதுதான் வயிறு எரியும். தூர் கட்டும் நாட்கள் நீண்டால் கதிர் கூடும். தூர் கட்டிக்கொண்டே இருந்தால் நெல்லே வராது. ஸ்டீராய்டின் வேலை அந்தத் தூர் கட்டும் நாட்களை நீட்டுவது. கதிர் வாங்க வைப்பது வேறு ஆட்கள்.

அந்த ஆட்கள் யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல்லிலிருந்து முதலில் பிஎஃப்யு-ஈ என்ற முன்னோடிச் செல் வரும், அடுத்து சிஎஃப்யு-ஈ, அதற்கடுத்து கண்ணால் அடையாளம் காணக்கூடிய எரித்ரோபிளாஸ்ட். அது சில தடவை பிரிந்து, சிறுத்து, ஹீமோகுளோபின் நிரம்பி, கடைசியில் நியூக்ளியஸை வெளியே தள்ளி ரெட்டிக்குலோசைட் என்ற இளம் சிவப்பணு ஆகும். சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபாய்டின் சிஎஃப்யு-ஈ கட்டத்திலிருந்து செல்லைச் சாகாமல் காப்பாற்றுகிறது. கேட்டா-1, கேஎல்எஃப்-1 என்ற இரண்டு புரதங்கள் ஹீமோகுளோபின் ஜீன்களைத் திறந்து விடுகின்றன. கிட் என்ற ஏற்பி, அதாவது வெளிச் செய்தியை வாங்கும் புரதம், அதன் வழியாக ஸ்டெம் செல் ஃபேக்டர் பெருகச் சொல்கிறது. ஆரோக்கியமான ஆளுக்கு வினாடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணு இப்படி வந்துகொண்டே இருக்கிறது, ஒவ்வொன்றும் 120 நாள் ஓடுகிறது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதிர்ந்த சிவப்பணுவில் நியூக்ளியஸ் கிடையாது, ஜீன் கிடையாது, ஹார்மோன் பேசுவதற்கு ஆளே கிடையாது. ஸ்டீராய்டு பேசுவதெல்லாம் முன்னோடிச் செல்லிடம்தான். ஆகவே நேற்று ஆரம்பித்த மாத்திரைக்கு இன்று ஹீமோகுளோபின் ஏறியிருந்தால் அது ஜீன் செய்த வேலை இல்லை. உடம்பின் நீர்க்கணக்கோ, பரிசோதனை வித்தியாசமோ இருக்கும். முதலில் அசைய வேண்டியது ரெட்டிக்குலோசைட் எண்ணிக்கை. ஹீமோகுளோபின் அதன் பின்னால்தான் வரும்.

ஸ்டீராய்டின் ஏற்பியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். கார்ட்டிசோல் கொழுப்பில் கரையும் சின்ன மூலக்கூறு, செல்சவ்வைத் தாண்டி உள்ளே போய்விடும். உள்ளே குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பி, எச்எஸ்பி90 என்ற துணைப்புரதத்தின் கைப்பிடியில் காத்திருக்கும். ஹார்மோன் வந்து பொருந்தியதும் பிடி மாறி, அரைமணிக்குள் நியூக்ளியஸுக்குப் போய்விடுகிறது. அங்கே பெரும்பாலும் ஜோடியாகத்தான் டிஎன்ஏமேல் உட்காரும். உட்காரும் இடத்துக்கு ஓர் எழுத்து வரிசை உண்டு: ஏ-ஜி-ஏ-ஏ-சி-ஏ, நடுவே எதுவாகவும் இருக்கக்கூடிய மூன்று எழுத்து, பிறகு டி-ஜி-டி-டி-சி-டி. எதிர் இழையில் படித்தாலும் அதே வரிசைதான் வரும். ஜோடியில் ஒருவர் இந்தப் பாதியையும் மற்றவர் அந்தப் பாதியையும் பிடித்துக்கொள்ள வசதி. உட்கார்ந்தபின், டிஎன்ஏ சுற்றிக் கிடக்கும் ஹிஸ்டோன்களைத் தளர்த்தும் புரதங்களைக் கூப்பிட்டால் ஜீன் ஓடும், இறுக்குகிறவர்களைக் கூப்பிட்டால் அடங்கும்.

கல்லீரலிலும் இதே ஏற்பி, இதே எழுத்து வரிசை. அங்கே குளுக்கோஸ் உண்டாக்கும் ஜீன்கள் கிளம்புகின்றன, இங்கே வேறு ஜீன்கள். காரணம், ஏற்பி பெரும்பாலும் ஏற்கனவே திறந்து கிடக்கும் இடத்தில்தான் போய் உட்காருகிறது. எந்த இடம் திறந்து கிடக்கும் என்பதை அந்தந்தச் செல்லின் சொந்தப் புரதங்கள், இங்கே கேட்டா-1 மாதிரியானவை, முன்கூட்டியே முடிவு செய்துவிடுகின்றன. வாய்க்கால் வெட்டிய வயலுக்குத்தானே தண்ணீர் போகும்.

அப்படியானால் தூர் கட்டும் நாட்களை நீட்டுகிற ஜீன் எது? ஒரே பதில் இல்லை. சுண்டெலியின் பிஎஃப்யு-ஈ செல்லில் 2013இல் காட்டப்பட்டது இசட்எஃப்பி36எல்2. டெக்ஸாமெத்தசோன் இந்தப் புரதத்தைக் கூட்டுகிறது. இது டிஎன்ஏவைத் தொடுவதே இல்லை. முதிர்ச்சிக்கு வேண்டிய எம்ஆர்என்ஏக்களின், அதாவது புரதம் செய்ய ஜீனிலிருந்து எடுத்த நகல்களின், வாலைப் பிடித்து, அவற்றின் அளவைக் குறைத்துவிடுகிறது. சமையல் ஆரம்பிக்கும் முன் சீட்டைக் கிழித்துப் போடுகிற மாதிரி. இந்தப் புரதத்தைக் குறைத்தால் டெக்ஸா கொடுத்தும் பெருக்கம் வருவதில்லை. மனிதச் செல்லில் 2020இல் வெளியான ஆய்வு வேறோர் இடத்தைக் காட்டியது: சிஎஃப்யு-ஈ கட்டத்தில் பி57 என்ற, செல் பிரிவின் வேகத்தைக் குறைக்கும் புரதம். டெக்ஸாவால் பிரிவு நிதானமாகிறது, முதிர்ச்சி தள்ளிப்போகிறது, மொத்த எண்ணிக்கை கூடுகிறது. வேகத்தைக் குறைத்தால் எண்ணிக்கை எப்படிக் கூடும் என்று முதலில் இடறும். ஆனால் கணக்கு வேகத்தில் இல்லை, முதிரும் முன் எத்தனை தடவை பிரிகிறது என்பதில்தான். பாடநூல் குறிப்புகளில் இந்த இரண்டையும் ஒரே படத்தில் ஒட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. ஒன்று எலி, ஒன்று மனிதர்; ஒன்று பிஎஃப்யு-ஈ, ஒன்று சிஎஃப்யு-ஈ. தனித்தனியாகவே வைத்துக்கொள்வது நல்லது.

1999இல் வந்த எலி ஆய்வு ஒன்றை மட்டும் விட முடியாது. ஏற்பியின் 458ஆவது இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் திரியோனின் வைத்த எலிகள் அவை. ஏற்பி ஜோடி சேர்வதைக் கெடுக்கும் மாற்றம் இது. சாதாரண நாளில் அந்த எலிகளின் ரத்தத்தில் குறையில்லை. சிவப்பணுக்களை வேதிப்பொருளால் உடைத்தோ, ஆக்சிஜனைக் குறைத்தோ நெருக்கடி கொடுத்தால்தான் வண்டவாளம் தெரிந்தது: முன்னோடிச் செல்கள் பெருகவில்லை. ஆக இந்த ஹார்மோன் அன்றாடத்துக்கு இல்லை, ஆபத்துக்கு. அட்ரினல் சுரப்பி கெட்டுப்போன அடிசன் நோயாளிக்கு லேசான சோகை, கார்ட்டிசோல் மிகுந்த குஷிங் நோயாளிக்குச் சில நேரம் சிவப்பணு கூடுதல் என்று மனிதரிலும் இதன் சாயல் உண்டு.

இனி ஆய்வகத்துக்குப் போவோம். இந்த வட்டாரத்தில் முதுகலைத் திட்டவேலைக்கு யாராவது இதை எடுத்தால் அநேகமாகத் தொப்புள்கொடி ரத்தத்தில்தான் ஆரம்பிப்பார்கள்.

சிட்ரேட் உள்ள பையில் பிடித்த ரத்தத்தை 24 மணிக்குள் எடுத்துவிட வேண்டும். ஹெப்பரின் வேண்டாம். பின்னால் ஜீனைப் பெருக்கி அளக்கும் பிசிஆர் செய்யும்போது அது நொதியை முடக்கும், நீங்கள் வாரக்கணக்கில் ப்ரைமரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். ரத்தத்தைச் சம அளவு உப்புக்கரைசலில் கலந்து, செல்களை அடர்த்தியால் பிரிக்கும் 1.077 அடர்த்தியுள்ள ஃபைக்கால் திரவத்தின்மேல் சாய்த்து மெல்ல ஊற்றி, புவியீர்ப்பைப்போல் 400 மடங்கு விசையில் (400 ஜி) 30 நிமிடம் சுற்ற வேண்டும், பிரேக் இல்லாமல். இங்கே நம்மூர் வெயில் ஒரு வேலை செய்யும். ஃபைக்காலின் அடர்த்தி 20 டிகிரிக்குச் சொன்னது. சித்திரை மாதம் ஏசி நின்றுபோன அறையில் 36 டிகிரியில் வைத்திருந்தால் அது இளகி, வேண்டிய செல்லும் சிவப்பணுவோடு அடியில் போய்விடும். வெள்ளை வளையம் மெலிந்து தெரிந்தால் நன்கொடையாளரைக் குறை சொல்லும் முன் தெர்மாமீட்டரைப் பாருங்கள். அந்த வளையத்துச் செல்களில், ஸ்டெம் செல், முன்னோடிச் செல்லின் அடையாளமான சிடி34 உள்ளவை நூற்றுக்கு ஒன்று அளவுதான். காந்த மணிகளால் பிரித்தெடுப்பார்கள்.

பெருக்கும் கட்டத்தில் செல் வளர்க்கும் ஊடகத்தில் ஸ்டெம் செல் ஃபேக்டர் மில்லிக்கு 100 நானோகிராம், எரித்ரோபாய்டின் 2 யூனிட், டெக்ஸாமெத்தசோன் 1 மைக்ரோமோலார். டெக்ஸாவின் மூலக்கூறு எடை 392.46. மூன்று இலக்கத் தராசில் 3.9 மில்லிகிராமை நிறுக்க முயலாதீர்கள். 39 மில்லிகிராம் நிறுத்து 10 மில்லி தூய எத்தனாலில் கரைத்தால் ஏறக்குறைய 10 மில்லிமோலார். அதைப் பத்துக்கு ஒன்றாக எத்தனாலிலேயே நீர்த்தால் 1 மில்லிமோலார். மில்லிக்கு 1 மைக்ரோலிட்டர் விட்டால் கணக்கு சரி, எத்தனால் 0.1 சதவீதம். ஒப்பீட்டுத் தட்டுக்கும் அதே எத்தனாலை விட வேண்டும். கரைசலைச் சிறு குப்பிகளாகப் பிரித்து மைனஸ் 20இல் வையுங்கள். ஒரே குப்பியைத் திறந்து திறந்து மூடினால் எத்தனால் ஆவியாகி, சீட்டில் ஒரு அளவும் குப்பியில் வேறு அளவுமாக நிற்கும்.

மருந்துக்கடையில் மலிவாகக் கிடைக்கிற டெக்ஸா ஊசியையே விட்டால் என்ன என்று எல்லோருக்கும் ஒருமுறை தோன்றும். அது டெக்ஸாமெத்தசோன் சோடியம் பாஸ்பேட். பாஸ்பேட்டை நொதி வெட்டிய பிறகுதான் அது ஏற்பியோடு பொருந்தும், போதாக்குறைக்குப் பாதுகாப்பானும் கலந்திருக்கும். மணிக்கணக்கில் ஜீன் பதிலை அளக்கும் வேலைக்கு அது ஆகாது.

செல்லைத் தினம் எண்ணி, மில்லிக்கு 20 லட்சம் தாண்டாமல் புது ஊடகம் சேர்க்க வேண்டும். சரியாகப் போகிறதா என்று தெரிய, செல்லை வகைபிரித்து எண்ணும் சைட்டோமீட்டர்கூட வேண்டாம், சுற்றியெடுத்த குழாயின் அடியைப் பார்த்தால் போதும். டெக்ஸாவில் இருந்த செல் படிவது வெளிறிய சந்தன நிறத்தில். டெக்ஸா இல்லாமல் எரித்ரோபாய்டின் மட்டும் கண்டது முதல் நாள் அப்படியே இருக்கும், அடுத்து லேசான ரோஜா, மூன்று நான்கு நாளில் செம்பருத்திச் சிவப்பு. ஜீம்சா சாயத்தில் முன்னது பெரிய உருண்டை, அடர்நீலச் சைட்டோபிளாசம். பின்னது சிறுத்து, சாம்பலும் இளஞ்சிவப்புமாக. கருநாவல் நிறக் குருணை நிறைந்த செல்கள் தலைகாட்டினால் ஒவ்வாமையில் வேலைசெய்யும் மாஸ்ட் செல் புகுந்துவிட்டது என்று அர்த்தம். ஸ்டெம் செல் ஃபேக்டர் அவற்றுக்கும் தீனிதான்.

முதிரவிடும் நாள் வந்ததும் டெக்ஸாவை எடுத்துவிட வேண்டும். இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். ஏற்பிக்குச் சில நானோமோலார் டெக்ஸா இருந்தாலே பாதி நிறைந்துவிடும். 1 மைக்ரோமோலார் ஊடகத்தை இறுத்து, அடியில் 100 மைக்ரோலிட்டர் மிஞ்சி, 10 மில்லி புதிதாக ஊற்றினால் இன்னும் 10 நானோமோலார் நிற்கிறது. செல்லுக்கு அது எடுத்ததாகவே தெரியாது. இன்னொரு தடவை அதே மாதிரி கழுவினால்தான் 0.1 நானோமோலாருக்கு இறங்கும். ஆக இரண்டு கழுவல், குறையாமல். பிறகு எரித்ரோபாய்டின் கூடுதலாகவும், இரும்பு ஏற்றிய டிரான்ஸ்ஃபெரின் மில்லிக்கு 0.7 முதல் 1 மில்லிகிராமும் வேண்டும். ஸ்டெம் செல் ஃபேக்டரையும் நிறுத்திவிட வேண்டும். டிரான்ஸ்ஃபெரின் குறைந்தால் செல் சிறுக்கும், சிவக்காது.

ஜீன் அளக்கும் பகுதிக்கு வருகிறேன். இதற்காகத்தான் இத்தனையும். வழக்கமான திட்டவேலை இப்படி இருக்கும்: ஏழு நாள் டெக்ஸாவோடு ஒரு தட்டு, இல்லாமல் ஒரு தட்டு, இரண்டிலும் ஆர்என்ஏ எடுத்து ஒப்பிட்டு, “டெக்ஸா 2000 ஜீன்களை மாற்றுகிறது” என்ற முடிவு. அந்தப் பட்டியலில் பெரும்பகுதி டெக்ஸா தொட்ட ஜீன் அல்ல. ஒரு தட்டில் இளசு, மறு தட்டில் முதிர்ந்தது. நீங்கள் ஒப்பிட்டது தூர் கட்டிய பயிரையும் கதிர் வாங்கிய பயிரையும். ஹீமோகுளோபின் ஜீன் குறைந்திருக்கிறது, கிட் கூடியிருக்கிறது என்பதெல்லாம் வயசு வித்தியாசம். ஏற்பி அந்த ஜீன்களின் பக்கமே போகாமலும் இருந்திருக்கலாம்.

தப்பிக்க வழி உண்டு. ஒரே வயதுச் செல்லை, சிடி71, சிடி235ஏ, சிடி36 போன்ற குறிகளால் பிரித்தெடுத்து, சில மணி நேரம் ஸ்டீராய்டே இல்லாத ஊடகத்தில் வைத்து, பிறகு டெக்ஸா விட்டு 0, 1, 4 மணியில் ஆர்என்ஏ எடுக்க வேண்டும். எஃப்கேபிபி5, கில்ஸ், பெர்1 ஆகிய மூன்றும் எந்தச் செல்லிலும் பெரும்பாலும் சீக்கிரம் கிளம்பும் ஜீன்கள். நான்கு மணியில் இவை அசையவில்லை என்றால் மருந்து கெட்டது, அல்லது சீரத்தில் இருந்த கார்ட்டிசோல் ஏற்பியை முன்னமே நிறைத்துவிட்டது. கரியால் ஸ்டீராய்டை உறிஞ்சியெடுத்த சீரம் வாங்குவது அதற்காகத்தான். கூடவே ஒரு தட்டில் மிஃபெப்ரிஸ்டோன் சேர்த்து ஏற்பியை அடைத்துப் பாருங்கள். அப்போதும் ஜீன் ஏறினால் அது இந்த ஏற்பியின் வேலை என்று சொல்ல முடியாது.

ஒப்பீட்டு ஜீன் விஷயத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது. முதிர முதிர ஒரு செல்லில் உள்ள மொத்த ஆர்என்ஏவே சரிகிறது, மிச்சத்தில் பெரும்பங்கு குளோபின். எந்தச் செல்லிலும் மாறாது என்று ஒப்பீட்டுக்கு வைக்கும் கேப்டிஎச் ஜீனை நம்பி வகுத்தால் அதுவும் சேர்ந்து சரிந்திருக்கும். செல்லை எண்ணி, இத்தனை செல்லுக்கு இத்தனை என்று வெளியிலிருந்து தெரிந்த அளவு ஆர்என்ஏ சேர்த்து, அதை வைத்து வகுப்பதுதான் நேர்மையான கணக்கு. முதிர்ந்த செல்லின் ஆர்என்ஏவில் ஹீம் ஒட்டிவந்தாலும் பிசிஆர் படுத்துக்கொள்ளும். மாதிரியைப் பத்துக்கு ஒன்றாக நீர்த்து மறுபடி ஓட்டினால், ஜீன் தெரியத் தொடங்கும் சுற்று எண் சுமார் 3.3 பின்னால் நகர வேண்டும். அதைவிடக் குறைவாக நகர்ந்தாலோ, முன்னால் வந்தாலோ உள்ளே தடை இருக்கிறது.

மருந்துக்கடை வாசலில் கேட்ட கேள்வி இங்கே வந்து சேர்கிறது. டயமண்ட்-பிளாக்ஃபேன் சோகை என்று அபூர்வமான பிறவி நோய் ஒன்று உண்டு. 1938இல் பாஸ்டனில் இருவர் விவரித்தது, அவர்கள் பெயரே நோய்க்கு. பெரும்பாலும், செல்லில் புரதம் செய்யும் இயந்திரமான ரைபோசோமின் புரதம் ஒன்றின் ஜீன் பழுது. முதலில் 1999இல் கண்டுபிடித்தது ஆர்பிஎஸ்19, நாலில் ஒரு பங்கு நோயாளிக்கு அதுதான். ரைபோசோமுக்குத் தட்டுப்பாடு வந்தால் கேட்டா-1 புரதமே போதுமான அளவு உண்டாகாது. குழந்தைக்கு ஒரு வயதுக்குள் வெளுப்பு, ரெட்டிக்குலோசைட் அடிமட்டம், சிவப்பணு அளவில் பெரிது, மற்ற அணுக்கள் சரி. இதற்கு 1951 முதலே ஸ்டீராய்டு கேட்கிறது என்று தெரியும். ஏன் கேட்கிறது என்பதற்குத்தான் இத்தனை வருடம். பழுதான ஜீன் பழுதாகவே இருக்கிறது. முதிரும் முன் கூடுதல் தடவை பிரிவதால் தப்பிப் பிழைக்கிறவை கூடுகின்றன, அவ்வளவே.

வழக்கமான ஆரம்ப அளவு கிலோவுக்குத் தினம் 2 மில்லிகிராம் ப்ரெட்னிசலோன். வளர்ச்சியும் தடுப்பூசியும் கெடாமலிருக்க ஒரு வயது ஆகும்வரை ரத்தம் ஏற்றி ஓட்டிவிட்டு ஆரம்பிப்பார்கள். இரண்டு முதல் நாலு வாரத்தில் ரெட்டிக்குலோசைட் எழ வேண்டும். ஒரு மாதமாகியும் எழவில்லை என்றால் நிறுத்தும் வழியைத்தான் பார்க்க வேண்டும். எழுந்தால் மெல்ல மெல்லக் குறைத்து, கிலோவுக்குத் தினம் 0.3 மில்லிகிராமுக்குமேல் போகாத அளவில் தொடர்வார்கள். பத்தில் எட்டுக் குழந்தைக்கு முதலில் கேட்கும், எல்லோருக்கும் நிலைக்காது. வீட்டில் நடக்கும் தவறு சிரப்பில்தான். 5 மில்லிக்கு 5 மில்லிகிராம் என்று ஒன்று, 5 மில்லிக்கு 15 மில்லிகிராம் என்று ஒன்று, ஏறக்குறைய ஒரே பெயரில் அலமாரியில் நிற்கும். 10 கிலோக் குழந்தைக்கு 20 மில்லிகிராம் என்றால் முதலாவதில் 20 மில்லி, இரண்டாவதில் 7 மில்லிகூட வராது. பாட்டில் மாறினால் மூன்று மடங்கு. சீட்டில் மில்லி எழுதியிருந்தாலும் மில்லிகிராம் எத்தனை என்று கேட்டுவிடுங்கள்.

மற்ற ஸ்டீராய்டுகளைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். டெஸ்டோஸ்டிரோன் வேறு வழியில் போகிறது: எரித்ரோபாய்டினைக் கூட்டும், இரும்பைப் பூட்டி வைக்கும் ஹெப்சிடினைக் குறைக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் சோகை வரம்பு டெசிலிட்டர் ரத்தத்துக்கு ஹீமோகுளோபின் ஆணுக்கு 13, கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராம் என்று வேறாக இருப்பதில் இந்த ஹார்மோனுக்குப் பங்குண்டு. ஜிம்மில் ஊசி போட்டுக்கொள்கிற தம்பிகளுக்கு ஹிமட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு, 54 சதவீதம் தாண்டினால் ரத்தம் குழம்பாகிவிட்டது என்று பொருள், உறைகட்டி பயம் அப்போதிருந்து. ஈஸ்ட்ரோஜன் ஏற்பியோ கேட்டா-1ஐயே பிடித்து அடக்கும் என்று 1990களில் செல்களில் காட்டினார்கள். மாதவிடாய்க்கால சோகையை அதன் தலையில் கட்ட வேண்டாம், அது இரும்பு இழப்பு.

இரும்பு இல்லாமல் எந்த ஜீன் திறந்தும் ஹீம் வராது. நம் பக்கம் வெளுத்துப்போய் வரும் பெண்பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வேண்டியது பள்ளியில் கொடுக்கும் நீல மாத்திரையும் பூச்சி மருந்தும்தான், ஸ்டீராய்டு அல்ல. மூட்டுவலிப் பொடி, குண்டாகும் மாத்திரை என்று பெயர் தெரியாமல் வருவதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசிந்து இருக்கிற இரும்பும் போகலாம். மாசக்கணக்கில் தின்றவர் திடீரென்று நிறுத்தவும் கூடாது, தூங்கிப்போன அட்ரினல் எழுந்திருக்க நாளாகும். சொல்லாமல் தின்கிறவரைச் சில சமயம் ரத்த எண்ணிக்கையே காட்டிக்கொடுக்கும்: வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில் கூடி, ஈயோசினோஃபில் கிட்டத்தட்டப் பூஜ்யம்.

தொப்புள்கொடி ரத்தத்துக்கும் இதே கதை. குறைமாதப் பிரசவம் என்று பயந்தால் தாய்க்கு 12 மணிக்கு ஒருமுறை 6 மில்லிகிராமாக நான்கு டெக்ஸா ஊசி போடுவார்கள். அந்தச் செல் உங்கள் தட்டுக்கு வருமுன்பே ஸ்டீராய்டு பார்த்த செல். சுகப்பிரசவக் கொடியில் கார்ட்டிசோல், வலி எடுக்காமல் செய்த சிசேரியன் கொடியைவிட அதிகம். அதனால் பையின்மேல் ஒட்டும் சீட்டில் தேதியும் எண்ணும் மட்டும் போதாது. எத்தனையாவது வாரம், சுகப்பிரசவமா சிசேரியனா, தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டதா, கடைசி ஊசி எத்தனை மணிக்கு. நாலு வரி, லேபர் வார்டிலேயே எழுதி வாங்கிவிட வேண்டும். மறுநாள் போய்க் கேட்டால் அந்த ஷிப்டுக்காரர்கள் இருக்க மாட்டார்கள்.